அமெரிக்காவில் எந்த ஊருக்குக் குடிபோகலாம்? வேலை கிடைத்த நாள் முதல் சாமான் இறக்கும் நாள் வரை

"அண்ணே, டாலஸா நியூஜெர்சியா, எது நல்லா இருக்கும்?"

வருஷத்துக்கு நாலைந்து பேராவது வாட்ஸ்அப்பில் இப்படிக் கேட்கிறார்கள். சிலர் ஊரிலிருந்து புதிதாக வரப்போகிறவர்கள். சிலர் இங்கேயே ஒரு மாநிலத்தில் இருந்துவிட்டு இன்னொன்றுக்கு மாறுகிறவர்கள். நான் நியூஜெர்சியில் ஆரம்பித்து, டெக்சஸில் ஐந்து வருஷம் இருந்து, இப்போது சியாட்டில் பக்கம் வந்து சேர்ந்திருக்கிறேன். சாமான் கட்டி இறக்கிய அனுபவத்தில் சொல்கிறேன்: டெக்சஸ் என்று பேர் பெரிதாக இருந்தாலும், நீங்கள் வாழப்போவது வீடு, ஆபீஸ், பள்ளிக்கூடம், மளிகைக்கடை நாலுக்கும் நடுவில் இருக்கிற பத்து மைல் வட்டத்தில்தான். அந்த வட்டத்தைத் தேடுவதற்கான வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். இதில் பாதி, நான் செய்யாமல் விட்டு மாட்டிக்கொண்டது.

1. ஊரைப் பார்ப்பதற்கு முன் விசாவைப் பாருங்கள்

ஏற்கனவே எச்-1பி வேலை விசாவில் இங்கே இருப்பவர்களுக்கு இதுதான் முதல் வேலை. உங்களுக்காகக் கம்பெனி போட்ட விசா மனுவில் வேலை பார்க்கும் இடம் குறிப்பிடப்பட்டிருக்கும். அதே பெருநகர வட்டாரத்துக்குள் இடம் மாறினால் புது மனு தேவையில்லை. அதைத் தாண்டிப் போனால் கம்பெனி திருத்திய மனு போட்டாக வேண்டும். 2015ல் சிமியோ என்ற கம்பெனியின் வழக்கில் வந்த தீர்ப்புக்குப் பிறகு இதில் கறாராக இருக்கிறார்கள். "நான் வீட்டிலிருந்துதானே வேலை பார்க்கிறேன், எங்கிருந்து பார்த்தால் என்ன" என்று நினைக்காதீர்கள். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு வீடுதான் வேலை இடம். மனு போய்ச் சேர்ந்த பிறகு புது ஊரில் வேலையைத் தொடங்கலாம், அதற்கு முன்பு கூடாது. மேனேஜர் "சரி, போ" என்று சொல்வது மட்டும் போதாது. கம்பெனியின் வக்கீல் சொல்ல வேண்டும்.

2. சம்பளத்தை ஊரோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்

ஒன்பது மாநிலங்களில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது: டெக்சஸ், புளோரிடா, வாஷிங்டன், நெவாடா, டென்னசி, தெற்கு டகோட்டா, வயோமிங், அலாஸ்கா, நியூ ஹாம்ப்ஷயர். மத்திய அரசின் வரி எங்கே போனாலும் ஒன்றுதான்.

வித்தியாசம் எவ்வளவு வரும்? 1,20,000 டாலர் சம்பளம் வாங்கும் தனி ஆள் கலிபோர்னியாவில் இருந்தால் மாநில வருமான வரியாக மட்டும் தோராயமாக 7,000 டாலர் போகும். டெக்சஸில் அது பூஜ்யம். இதைக் கேட்டதுமே பாதிப் பேர் டாலஸுக்கு டிக்கெட் போட்டுவிடுகிறார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். அரசாங்கத்துக்குப் பணம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டுமே. டெக்சஸில் அது வீட்டு வரியாக வருகிறது. டாலஸ் புறநகரில் ஐந்து லட்சம் டாலர் வீட்டுக்கு 2 சதவீதம் என்று வைத்தால் வருஷத்துக்கு 10,000 டாலர், மாதம் 830. வீட்டுக் கடனை அடைத்து முடித்தாலும் இது முடியாது. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு 'ஹோம்ஸ்டெட்' விலக்கு உண்டு, அதற்கு நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும். புதிதாக வரும் குடியிருப்புகளில் தண்ணீர், சாக்கடை வசதிக்காக 'மட்' என்று தனியாக ஒரு வரியும் சேரும். வீடு பளபளவென்று இருக்கும், விலையும் பக்கத்துப் பழைய பகுதியைவிடக் குறைவாக இருக்கும், வரிச்சீட்டு வரும்போதுதான் காரணம் புரியும். வாடகைக்கு இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை என்று நினைக்கலாம். வீட்டுக்காரர் கட்டும் வரி உங்கள் வாடகைக்குள்தான் இருக்கிறது.

கலிபோர்னியாவில் கதை வேறு. 1978ல் மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த 13ஆவது பிரேரணைப்படி அடிப்படை வீட்டு வரி வாங்கிய விலையில் 1 சதவீதம், வரிக்கான மதிப்பு வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. அதனால் ஒரே தெருவில் ஒரே மாதிரி இரண்டு வீடு, முப்பது வருஷமாக இருக்கும் பாட்டி கட்டுவதைப் போலப் பல மடங்கு வரியைப் புதிதாக வாங்கிய நீங்கள் கட்டுவீர்கள்.

நியூஜெர்சியில் வருமான வரியும் உண்டு, வீட்டு வரியோ நாட்டிலேயே மிக அதிகமான வரிகளில் ஒன்று. நியூயார்க் நகரத்துக்குள் குடியிருந்தால் மாநில வரி போக, நகரத்துக்கென்று தனியாக 3 முதல் 4 சதவீதம் வரை வருமான வரி. ஜெர்சி சிட்டியில் குடியிருந்து பாத் ரயிலில் நியூயார்க் நகரத்தின் மன்ஹாட்டன் பகுதிக்கு வேலைக்குப் போகிறவருக்கு அந்த நகர வரி இல்லை. ஆனால் மாநில வரியை நியூயார்க்குக்குக் கட்டி, அதை நியூஜெர்சி கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டும். இரண்டு மாநிலத்திலும் தாக்கல் செய்ய வேண்டும், ஏப்ரல் மாதத் தலைவலி இரட்டிப்பு. நியூயார்க் கம்பெனிக்கு நியூஜெர்சி வீட்டிலிருந்தே வேலை பார்த்தாலும், அது உங்கள் வசதிக்காகத்தான் என்றால் நியூயார்க் வரி கேட்கும்.

போர்ட்லண்ட் பக்கம் ஒரு வேடிக்கை உண்டு. அந்த ஊர் இருக்கும் ஒரிகான் மாநிலத்தில் விற்பனை வரி கிடையாது, ஆற்றுக்கு வடக்கே வாஷிங்டன் மாநிலத்தில் வருமான வரி கிடையாது. வடகரையில் வான்கூவரில் (கனடா ஊர் அல்ல) குடியிருந்து, தென்கரையில் போய் டிவி வாங்கி வருகிறவர்கள் நிறைய. வேலையும் தென்கரையில் என்றால் ஒரிகான் வருமான வரியைப் பிடித்துவிடும் என்பதை வந்த பிறகுதான் சிலர் தெரிந்துகொள்கிறார்கள்.

3. ஊரை அதன் மோசமான மாதத்தில் பாருங்கள்

வேலை நேர்காணலுக்கு ஏப்ரலில் கூப்பிடுவார்கள். ஏப்ரலில் எந்த ஊரும் அழகுதான்.

பீனிக்ஸுக்கு ஜூலையில் போங்கள். 2023ல் அங்கே தொடர்ந்து 31 நாட்கள் வெயில் 110 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டது, அதாவது 43 செல்சியஸுக்கு மேல். வேலூர் வெயில் பார்த்தவர்களுக்கு அது பெரிசா என்று கேட்கலாம். வேலூரில் சாயங்காலம் கொஞ்சம் காற்று வரும். அங்கே ராத்திரி பத்து மணிக்குக் குழாயைத் திறந்தாலும் வெந்நீர்தான்.

மினியாப்பொலிஸுக்கு ஜனவரியில் போங்கள். நகர மையத்தில் கட்டிடத்துக்குக் கட்டிடம் மேலேயே கண்ணாடிப் பாலம் கட்டி வைத்திருப்பது எதற்கென்று ஒரு நாளில் புரியும். சிகாகோவில் பனியை வாரி நீங்கள் கார் நிறுத்த இடம் பண்ணினால், அதில் பழைய நாற்காலி ஒன்றைப் போட்டு வைத்துவிட்டுப் போவது ஊர் வழக்கம். சட்டம் அல்ல, ஆனாலும் அந்த நாற்காலியை நகர்த்திவிட்டுக் காரை நிறுத்தாதீர்கள்.

சியாட்டில் மழை ஊர் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். சென்னையில் வருஷத்துக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது, இங்கே சுமார் 1,000தான். நம் ஊர் மழை கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். இங்கே அக்டோபரில் ஒரு தூறல் ஆரம்பித்தால் மார்ச் வரை அதே தூறல். மழையைவிடக் கஷ்டம் இருட்டு. டிசம்பரில் நாலேகால், நாலரைக்குள் சூரியன் போய்விடும். முதல் குளிர்காலம் என் மனைவிக்கு மனசே சரியில்லாமல் போனது. டாக்டர் வைட்டமின் டி எழுதிக் கொடுத்தார். அதற்கு ஈடாக ஜூனில் ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அந்த மூன்று மாதத்துக்காகவே இங்கே இருக்கிறோம்.

டெக்சஸில் குளிர் கிடையாது என்பார்கள். 2021 பிப்ரவரியில் நான் அங்கேதான் இருந்தேன். அந்த மாநிலத்தின் மின்தொகுப்பு பெரும்பாலும் தனியாக இயங்குவது, வெளியிலிருந்து வேண்டிய அளவு மின்சாரம் இழுக்க வழியில்லை. பனிப்புயலில் மின்நிலையங்களும் எரிவாயுக் குழாய்களும் உறைய, எங்கள் பகுதியில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. குழாய் வெடிக்கும் என்று பயந்து குளியல் தொட்டியில் தண்ணீர் பிடித்து வைத்து, எல்லோரும் ஒரே அறையில் படுத்தோம். ஹூஸ்டனில் புயல் காலம் ஜூன் முதல் நவம்பர் வரை. 2017ல் ஹார்வி வந்தபோது எந்தத் தெருவில் தண்ணீர் நின்றது என்று விசாரிக்காமல் அங்கே வீடு பார்க்காதீர்கள். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது, கலிபோர்னியாவில் நிலநடுக்கமும் சேராது. அரசு வெள்ளக் காப்பீடு எடுத்தாலும் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும், புயல் செய்தி பார்த்துவிட்டு வாங்க முடியாது.

4. வாடகை வீடு

நேராக வீடு வாங்க வேண்டாம். ஒரு வருஷமாவது வாடகைக்கு இருங்கள். சென்னையில் லீஸ் என்றால் மொத்தமாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருப்பது. இங்கே வாடகை ஒப்பந்தத்துக்கே லீஸ் என்றுதான் பெயர், நடுவில் காலி செய்தால் ஒன்றிரண்டு மாத வாடகை அபராதமாகப் போகலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன், நடுவில் காலி செய்வது பற்றிய அந்த ஒரு பக்கத்தையாவது முழுதாகப் படியுங்கள்.

பல ஊர்களில் மாதச் சம்பளம் வாடகையைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பார்கள். நியூயார்க்கில் மாத வாடகையின் 40 மடங்கு வருஷச் சம்பளம் கேட்பது வழக்கம். 3,000 டாலர் வீட்டுக்கு 1,20,000. முன்பணத்துக்கும் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு: நியூஜெர்சியில் ஒன்றரை மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது, கலிபோர்னியாவில் 2024 ஜூலையிலிருந்து பெரும்பாலும் ஒரு மாதம்தான், டெக்சஸில் உச்சவரம்பே இல்லை. புதிதாக வருகிறவர்களுக்குக் கிரெடிட் ஸ்கோர் இருக்காது. வேலைக் கடிதத்தைக் காட்டி, கொஞ்சம் கூடுதல் டெபாசிட்டுக்குச் சம்மதிக்கும் இடமாகப் பார்க்க வேண்டியிருக்கும்.

வீட்டைச் சனிக்கிழமை மத்தியானம் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு அங்கிருந்து ஆபீஸுக்கு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மேப்பில் 18 நிமிஷம் என்று இருந்தது எனக்கு 50 நிமிஷம் ஆனது.

வீட்டில் கார் ஓட்டாதவர் யார் என்று யோசியுங்கள். இதை யாரும் கேட்பதில்லை, எனக்குத் தெரிந்து மிக முக்கியமான கேள்வி இதுதான். ஜெர்சி சிட்டியில் இருந்தபோது அம்மா வந்திருந்தார். காலையில் தானாகவே நடந்து நியூவார்க் அவென்யூ போய், வெற்றிலையும் முருங்கைக்காயும் பேரம் பேசி வாங்கி வருவார். கடைக்காரருக்கு அம்மாவின் ஆங்கிலம் புரியாது, அம்மாவுக்கு அவருடைய குஜராத்தி புரியாது, இருந்தும் பேரம் படிந்தது. அடுத்த தடவை டாலஸுக்கு வந்தார். வீடு இரண்டு மடங்கு பெரிது. அம்மா ஆறு மாதமும் ஜன்னலோரம் உட்கார்ந்து அமேசான் வண்டி எண்ணினார். ஃப்ரிஸ்கோ மாதிரி டாலஸ் புறநகர்களில் டார்ட் என்கிற டாலஸ் வட்டார ரயிலே கிடையாது. நியூஜெர்சி எடிசனில், இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ சாலைக்குப் பக்கத்தில் குடியிருந்தால் நடந்தே சமாளிக்கலாம்.

டெக்சஸுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம் விரிவாகச் சொல்ல வேண்டும்: கரண்ட் பில். ஆஸ்டின், சான் அன்டோனியோ மாதிரி சில ஊர்களைத் தவிர, பெரும்பாலான இடங்களில் மின்சாரம் விற்கும் கம்பெனியை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். இணையத்தில் பட்டியலைப் போட்டால் "யூனிட் 9 சென்ட்" என்று ஒன்று முதலில் வந்து நிற்கும். நானும் அதைத்தான் எடுத்தேன். முதல் மாதம் 1,000 யூனிட்டுக்கு மேல் கொஞ்சம், பில் 90 டாலர் சொச்சம். அடுத்த மாதம் ஏசியைக் குறைத்துச் சிக்கனமாக இருந்து 960 யூனிட்டில் நிறுத்தினோம். பில் 163 டாலர். உண்மையான விலை யூனிட்டுக்கு 17 சென்ட். மாதம் 1,000 யூனிட்டைத் தொட்டால் மட்டும் 80 டாலர் கழிவு. தொடவில்லையென்றால் கழிவு இல்லை. சிக்கனமாக இருந்ததற்கு அபராதம் கட்டிய மாதிரி ஆகிவிட்டது. எல்லாத் திட்டத்துக்கும் விவரச் சீட்டு ஒன்று இருக்கும், அதில் 500, 1,000, 2,000 யூனிட் மூன்றுக்கும் சராசரி விலை போட்டிருப்பார்கள். மூன்றும் ஏறக்குறைய சமமாக இருக்கும் திட்டத்தை எடுங்கள். 1,000க்கு மட்டும் விலை திடீரென்று இறங்கினால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

5. பிள்ளைகள் பள்ளிக்கூடம்

அரசுப் பள்ளியில் இடம் உங்கள் விலாசத்தைப் பொறுத்தது. தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளி, இந்தப் பக்கம் வேறு பள்ளி. விளம்பரத்தில் போட்டிருக்கும் பள்ளியின் பெயரை நம்பாமல், வீட்டு விலாசத்தை மாவட்டப் பள்ளி அலுவலக இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். வேகமாக வளரும் புறநகர்களில் எல்லைக்கோட்டை அடிக்கடி மாற்றுவார்கள்.

சேர்க்கும் வயதும் வேறு வேறு. டெக்சஸிலும் கலிபோர்னியாவிலும் செப்டம்பர் 1க்குள் ஐந்து வயது முடிந்திருந்தால்தான் கிண்டர்கார்டன். நியூயார்க் நகரத்தில் அந்த வருஷம் டிசம்பர் முடிவதற்குள் ஐந்து ஆனாலே போதும். நவம்பரில் பிறந்த பிள்ளையோடு ஊர் மாறுகிறவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். டெக்சஸில் ஆகஸ்ட் நடுவிலேயே பள்ளி திறந்துவிடும், நியூஜெர்சியிலும் சியாட்டிலிலும் செப்டம்பரில்தான். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் தடுப்பூசி அட்டையைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள்.

பிள்ளை ஒன்பதாவது வந்துவிட்டால் கல்லூரியையும் சேர்த்துப் பாருங்கள். மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்ளூர்க் கட்டணம் கிடைக்க வழக்கமாக ஒரு வருஷமாவது அங்கே வசித்திருக்க வேண்டும். எச்-4 விசாவில் (எச்-1பிகாரர்களின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பிள்ளைகளுக்கு அது கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 21 வயதில் எச்-4 முடிந்துவிடும் என்பது தனிக் கவலை.

6. கார்

புது மாநிலத்துக்கு வந்ததும் லைசென்ஸ் மாற்றக் கெடு உண்டு: கலிபோர்னியாவில் 10 நாள், நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் 30, நியூஜெர்சியில் 60, டெக்சஸில் 90. நியூஜெர்சியில் அடையாள ஆவணங்களுக்குப் புள்ளி கணக்குப் போட்டு ஆறு வர வேண்டும் என்பார்கள், மூலப் பத்திரங்களோடு போங்கள். காப்பீட்டுத் தொகை உங்கள் ஜிப் கோடைப் பொறுத்து ஏறி இறங்கும், வீட்டை முடிவு செய்வதற்கு முன் அந்த விலாசத்துக்கு ஒரு தொகை கேட்டுப் பாருங்கள்.

நியூஜெர்சியில் பெட்ரோல் நீங்களே போடக் கூடாது, ஆள் வந்து போடுவார். அங்கேயே பழகிய நான் டெக்சஸில் முதல் தடவை பங்க்கில் ஐந்து நிமிஷம் காருக்குள் உட்கார்ந்து காத்திருந்தேன்.

7. கோயில், கடை, நம் ஆட்கள்

இதற்குக் கவலையே வேண்டாம். நியூஜெர்சியில் பிரிட்ஜ்வாட்டர் பாலாஜி, ஹூஸ்டன் பக்கம் பியர்லண்டில் மீனாட்சி, மேரிலாந்தில் லான்ஹாம் சிவா விஷ்ணு, கலிபோர்னியாவில் லிவர்மோர், பிட்ஸ்பர்கில் வேங்கடேஸ்வரர். நியூயார்க் ஃபிளஷிங் பிள்ளையார் கோயில் கேன்டீன் தோசைக்காகவே போகிறவர்கள் உண்டு. பெரிய ஊர் எல்லாவற்றிலும் தமிழ்ச் சங்கமும் வார இறுதித் தமிழ்ப் பள்ளியும் இருக்கும்.

ஊருக்குப் பேசும் நேரத்தை மட்டும் யோசியுங்கள். கோடையில் கிழக்குக் கரைக்கும் இந்தியாவுக்கும் ஒன்பதரை மணி வித்தியாசம், மேற்குக் கரைக்குப் பன்னிரண்டரை. குளிர்காலத்தில் இன்னும் ஒரு மணி கூடும். அரிசோனாவில் பெரும்பாலும் கடிகாரத்தை மாற்றுவதே இல்லை.

8. சாமான் கட்டுவது, இறக்குவது

மாநிலம் விட்டு மாநிலம் சாமான் ஏற்றும் கம்பெனிக்கு மத்தியப் போக்குவரத்துத் துறையின் பதிவு எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். உறுதியில்லாத மதிப்பீடு என்றால் இறக்கும்போது அதில் 110 சதவீதம் வரை கேட்கலாம், அதைக் கட்டினால்தான் சாமான்.

அதைவிட முக்கியம், உடைந்தால் என்ன கிடைக்கும் என்பது. கூடுதல் பணமில்லாமல் தரும் பொறுப்பு ஒரு பவுண்டு எடைக்கு 60 சென்ட்தான். எங்கள் கிரைண்டர் 25 பவுண்டு. டாலஸில் லாரியில் ஏறும்போது நன்றாகத்தான் இருந்தது, சியாட்டிலில் இறங்கும்போது டிரம்மில் விரிசல். 25 பவுண்டுக்கு 15 டாலர் காசோலை வந்தது. அந்தக் காசுக்குக் கல் கூடக் கிடைக்காது. முழு மதிப்புப் பாதுகாப்பை எடுங்கள், இல்லாவிட்டால் கிரைண்டரை உங்கள் காரிலேயே வையுங்கள்.

இறங்கிய பத்து நாளைக்குள் விசாவில் இருப்பவர்கள் ஏஆர்-11 படிவத்தில் குடியேற்றத் துறைக்கு விலாச மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். இணையத்தில் பத்து நிமிஷ வேலை, அதனாலேயே மறந்துபோகும். வருஷத்தின் நடுவில் கம்பெனியும் மாறியிருந்தால் மருத்துவக் காப்பீட்டில் கைப்பணமாகக் கட்ட வேண்டிய தொகை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும், தள்ளிப்போட்ட சிகிச்சை இருந்தால் கிளம்புவதற்கு முன் முடித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கருவேப்பிலைச் செடி. ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களுக்கு நோய் பரப்பும் ஒரு பூச்சி கருவேப்பிலையிலும் தங்கும். அதனால் டெக்சஸ், புளோரிடா மாதிரி மாநிலங்களிலிருந்து செடியை வெளியே எடுத்துப்போகத் தடை இருக்கிறது. கலிபோர்னியாவுக்குக் காரில் நுழைந்தால் எல்லைச் சாவடியில் நிறுத்தி, பழம், செடி இருக்கிறதா என்று கேட்பார்கள். ஐந்து வருஷம் வளர்த்து என் தோள் உயரம் வந்த செடியைத் தொட்டியோடு பக்கத்து வீட்டு நெல்லூர் அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். சியாட்டில் குளிருக்கு அதை எப்படியும் வெளியே வைக்க முடியாது. இங்கே கடையில் வாங்கும் பொட்டலத்தை உருவிக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஃப்ரீசரில் வைத்துக்கொள்கிறோம். தாளிக்கும்போது நாலு இலை கூடப் போட வேண்டியிருக்கிறது.